குப்பை என்று தீர்ப்புச் சொன்னது யார்?

கடிதம் போட வரும் தபால்காரர் நம் வீட்டு வாசலில் நின்று ஒவ்வோர் உறையாகப் புரட்டிப் பார்க்கிறார். "இது இந்த வீட்டுக்குத் தேவையில்லை" என்று தாமே முடிவு செய்து, பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டு மீதியைப் பெட்டியில் போட்டுச் செல்கிறார். நாம் சும்மா இருப்போமா? அஞ்சல் அலுவலகத்தின் முன் போய் நிற்போம். நாளிதழுக்கு எழுதுவோம். மின்னஞ்சலில் இதுதான் நாள்தோறும் நடக்கிறது, ஆனால் நாம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. கிழிக்கப்பட்டது நமக்குத் தெரிவதே இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

குப்பை அஞ்சலை வடிகட்டவே கூடாது என்று வாதிட நான் வரவில்லை. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்குவிப்மெண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த விற்பனை அதிகாரி ஒருவர், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பற்றி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். அதையே முதல் குப்பை அஞ்சல் என்கிறார்கள். அந்த ஒன்று பெருகிப் பெருகி, 2000களின் இறுதியில் உலகில் ஓடிய மின்னஞ்சல்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் குப்பை என்ற நிலை வந்தது. இன்றும் ஏறக்குறையப் பாதி குப்பைதான். மருந்து விற்பவன், குலுக்கலில் பரிசு விழுந்தது என்பவன், வங்கியின் பெயரைச் சொல்லிக் கடவுச்சொல் கேட்பவன் என எல்லாரும் அந்தக் கூட்டத்தில் அடக்கம். வடிகட்டி இல்லாவிட்டால், விரிவுரையாளர் அனுப்பிய இடுபணி அறிவிப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஒப்படைக்கும் நாளே கடந்துவிடும்.

என் குறை வேறு. தடுத்ததை யாரிடமும் சொல்லாமல் தடுக்கிறார்களே, அதுதான். அனுப்பியவர் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்புகிறார். பெற வேண்டியவர் தமக்கு யாரும் எழுதவில்லை என்று நம்புகிறார். நடுவில் ஒரு கணினி இருவர் சார்பிலும் முடிவெடுத்து, இருவரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறது.

நான் பேரவைச் செயலவையில் இருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2000களின் பிற்பகுதி. வாட்ஸ்அப் கிடையாது, குறுஞ்செய்தி ஒவ்வொன்றுக்கும் காசு. முன்னாள் மாணவர் ஒன்றுகூடலுக்கான அழைப்பை இருநூற்றுச் சொச்சம் முகவரிகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். ஒரு குறிப்பிட்ட இணையச் சேவை நிறுவனத்தின் முகவரியை வைத்திருந்த எவருக்கும் அது போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை. நிகழ்ச்சி முடிந்து ஒரு வாரம் கழித்து ஈப்போவிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். பேரவை தொடங்கிய நாளில் நாற்காலி தூக்கிப் போட்டவர்களில் ஒருவர் அவர். "என்ன தம்பி, வேலை கெடச்சி வெளியூர் போயிட்டா எங்கள எல்லாம் லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவீங்களா?" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தால், எங்கள் பக்கம் எந்தக் கோளாறும் இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. ஒரு வகையில் அது உண்மைதான். வடிகட்டி தனக்கு இட்ட வேலையைச் சரியாகச் செய்திருந்தது. ஒரே நேரத்தில் பல முகவரிகள், உள்ளே பெரிய படம், ஓர் இணைப்பு, புள்ளி கூடிவிட்டது, அழி. அங்கே பணிபுரிந்த நம் முன்னாள் மாணவர் ஒருவர் பல நாள் கழித்து விசாரித்துச் சொன்ன பிறகுதான் இதுவும் எங்களுக்குத் தெரிந்தது.

இங்கே தொழில்நுட்பம் கொஞ்சம் பேசியாக வேண்டும். கணினித் துறை சாராதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், கடினமில்லை.

ஒரு மின்னஞ்சல் வழங்கி மற்றொரு வழங்கியிடம் கடிதத்தை ஒப்படைக்கும்போது இரண்டுக்கும் இடையே ஒரு சிறிய உரையாடல் நடக்கிறது. பெறும் வழங்கி 250 என்ற எண்ணைச் சொன்னால் "ஏற்றுக்கொண்டேன்" என்று பொருள். 550 என்றால் "ஏற்க மாட்டேன்". 550 வந்தால் அனுப்பியவருக்குச் செய்தி திரும்பிவிடும். அவர் தொலைபேசியை எடுத்துப் பேசிக்கொள்வார். 250 என்று சொல்லிவிட்டால் பொறுப்பு கைமாறுகிறது. கொண்டு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்க இயலவில்லை என்று தெரிவிக்க வேண்டும். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய விதிமுறையிலும் இந்தப் பொறுப்பு இருக்கிறது. 2008இல் புதுப்பிக்கப்பட்ட விதிமுறையிலும் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். வாசலில் "ஏற்றுக்கொண்டேன்" என்று சிரித்த முகத்தோடு வாங்குவது, பிறகு கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் எரிப்பது.

நிறுவனங்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். குப்பை அனுப்புபவன் தன் சொந்த முகவரியில் அனுப்புவதில்லை. யாரோ ஒருவரின் முகவரியைப் போட்டு அனுப்புகிறான். வாங்கிய பிறகு "உங்கள் கடிதம் சேரவில்லை" என்று பதில் அனுப்பினால், சம்பந்தமே இல்லாத அந்த அப்பாவியின் பெட்டி நிரம்பி வழியும். இது நியாயமான அச்சம்தான். ஆனால் அதற்கு மருந்து மௌனம் அல்ல. உரையாடல் முடிவதற்கு முன்பே, கடிதம் வாசலில் நிற்கும்போதே சோதித்து, 550 சொல்லித் திருப்பலாம். பல வழங்கிகள் அப்படித்தான் செய்கின்றன. அப்படிச் செய்ய வாசலிலேயே அதிகக் கணினித் திறன் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். எரிப்பது மலிவு.

தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி ஒன்று சொல்வார். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வரும் கடிதங்கள் நேராக வீட்டுக்கு வராது. தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அங்கிருந்து கிராணி கொடுத்தனுப்பினால்தான் உண்டு. கிராணிக்கு யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால் அந்த வீட்டுக் கடிதம் மேசை அறையிலேயே கிடக்குமாம். சாவுச் செய்தியே பதினாறாம் நாள் காரியம் கடந்த பிறகு கைக்கு வந்த கதையெல்லாம் சொல்வார். இருந்தாலும் அந்தக் கிராணியிடம் போய், "ஐயா, எனக்குக் கடுதாசி ஏதும் வந்திருக்குதுங்களா?" என்று கேட்க முடிந்தது. மேசை அறையைத் திறந்தால் கடிதம் இருந்தது. நம்முடைய மின்னஞ்சல் கிராணிக்கு முகமும் இல்லை. மேசை அறையும் இல்லை.

சரி, அந்தக் கிராணி எப்படித்தான் முடிவெடுக்கிறார்? இதில் தமிழருக்குத் தனிப்பட்ட அக்கறை உண்டு.

தமிழ் இணையமே மின்னஞ்சல் குழுக்களில் வளர்ந்த பிள்ளை. மலேசியத் தமிழரான பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து நடத்திய தமிழ்.நெட் குழு, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கி எழுத்துக் குறியீட்டை உருவாக்கிய நீண்ட விவாதங்கள் ஆகிய எல்லாம் மின்னஞ்சலில் நடந்தவை. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தட்டச்சு செய்து, எங்கோ கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்த தமிழருக்கு அனுப்பினார்கள். பெறுபவரிடம் அதற்குரிய எழுத்துரு இல்லாவிட்டால் அந்தக் கடிதம் எப்படித் தெரியும் என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கொம்பும் சுழியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். மனிதக் கண்ணுக்கே குப்பை என்றால் இயந்திரத்துக்கு?

2001இல் வெளிவந்து, இணையச் சேவை நிறுவனங்கள் பலவும் பயன்படுத்திய ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு கடிதத்துக்கும் குற்றப் புள்ளி போடும். பொதுவாக 5 புள்ளி சேர்ந்தால் குப்பை. தலைப்பு வரியில் முறைப்படி குறியீடு செய்யப்படாத எழுத்துகள் மிகுந்திருந்தால் அதற்கென்றே ஒரு விதி புள்ளி போட்டது. திஸ்கியில் தலைப்பெழுதி அப்படியே அனுப்பிய தமிழன் அந்த விதியில் மாட்டிக்கொள்வான். அவனுக்கு மருந்து விற்கும் எண்ணம் இல்லை. "பொங்கல் வாழ்த்துகள்" என்றுதான் எழுதியிருப்பான்.

யூனிகோடு வந்ததும் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தோம். முழுதாகத் தீரவில்லை. யூனிகோடின் இணைய வடிவத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும். பழைய அஞ்சல் வழிகள் ஆங்கில எழுத்துகளை மட்டுமே பத்திரமாகக் கடத்தும் என்பதால் அதை மாற்றி எழுதி அனுப்ப வேண்டும். ஒரு முறையில் எழுதினால் அந்த 3 பைட்டுக்கு 9 எழுத்துகள் ஆகும். பேஸ்64 என்ற முறையில் 4 போதும். அஞ்சல் மென்பொருள் எதைத் தேர்ந்தெடுக்கும்? சிக்கனமான பேஸ்64ஐத்தான். ஆனால் குப்பை அனுப்புபவர்களும் தங்கள் சொற்களை மறைக்க அதே பேஸ்64ஐப் பயன்படுத்தினார்கள். ஆகவே "பேஸ்64ஐக் கொண்டு மறைக்கப்பட்ட கடிதம்" என்று புள்ளி போடும் விதி ஒன்றும் வடிகட்டியில் சேர்ந்தது. மொழி அமைப்பின் காரணமாகச் செய்தது, முகமூடியாகப் பார்க்கப்பட்டது. யாரும் தமிழுக்கு எதிராகச் சதி செய்யவில்லை. விதி எழுதியவர்களின் கண்முன் தமிழ்க் கடிதம் இல்லை, அவ்வளவுதான். சதி என்றால் எதிர்த்துப் போராடலாம். கவனிக்கப்படாமல் இருப்பதை எதிர்த்து எப்படிப் போராடுவது?

பிறகு வந்தது கற்றுக்கொள்ளும் வடிகட்டி. 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் என்ற அமெரிக்க நிரலர் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பரவலாக்கியது. குப்பையிலும் நல்ல அஞ்சலிலும் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அந்தச் சொல்லுக்குக் குப்பை வாய்ப்பைக் கணக்கிடுவது அவருடைய முறை. முன்பின் பார்த்திராத சொல்லுக்கு அவர் 0.4 கொடுத்தார். நடுநிலையிலிருந்து நல்லதன் பக்கம் சற்றே சாய்வு. குறை சொல்ல முடியாது. ஆனால் தீர்ப்புக்கு எல்லாச் சொற்களும் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. நடுநிலையான 0.5இலிருந்து மிகவும் விலகி நிற்கும் 15 சொற்கள் மட்டுமே சாட்சி. நம் அழைப்பிதழை இதில் வைத்துப் பாருங்கள். வடிகட்டி பயின்ற அஞ்சல்களில் தமிழ் இல்லையென்றால், பட்டிமன்றம், நடுவர், கருத்தரங்கம், வருக வருக எல்லாம் 0.4இல் அமைதியாக உட்கார்ந்திருக்கும். சாட்சிக் கூண்டில் ஏறுவது கடிதத்தின் அடியில் ஒட்டிய ஆங்கில வரிகள்: இலவச நுழைவு, இங்கே சொடுக்குக, உடனே பதிவு செய்க. முழுக்கத் தமிழில் எழுதிய கடிதத்துக்கு அதிலிருக்கும் நான்கு ஆங்கில வரிகளைப் பார்த்துத் தீர்ப்பு! இன்றைய வடிகட்டிகள் இதைவிடப் பல மடங்கு நுட்பமானவை. ஆனால் எந்த மொழியைக் குறைவாகப் பார்த்தார்களோ அந்த மொழியைக் குறைவாகவே புரிந்துகொள்வார்கள் என்பது மனிதருக்கும் பொருந்தும், இயந்திரத்துக்கும் பொருந்தும்.

தமிழருக்கு மட்டும் நேர்ந்த துன்பம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2001 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் விண்ணப்பதாரர்களுக்கு அனுப்பிய சேர்க்கை முடிவுகளில், ஏஓஎல் முகவரிகளுக்குச் சென்ற பல மின்னஞ்சல்களை அந்நிறுவனத்தின் வழங்கி குப்பை என்று எண்ணித் திருப்பி அனுப்பியது. வாழ்க்கையின் திருப்புமுனைக் கடிதம்! நல்ல வேளை, திருப்பி அனுப்பியது. எரித்திருந்தால் ஹார்வர்டுக்கும் தெரிந்திருக்காது. 2004 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் ஐரோப்பாவிலிருந்து வந்த அஞ்சல்களைப் பெருமளவில் தடுக்கத் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள்; 2006இல் அது சமரசத்தில் முடிந்தது. அதே 2006இல், ஏஓஎல்லின் கட்டண அஞ்சல் திட்டத்தை எதிர்த்தவர்களின் இணையத்தள முகவரியைக் குறிப்பிட்ட கடிதங்கள் ஏஓஎல் வாடிக்கையாளர்களுக்குச் சேராமல் போயின. மென்பொருள் கோளாறு என்று நிறுவனம் விளக்கம் தந்தது. இருக்கலாம். ஆனால் தன்னைக் குறைகூறும் கடிதத்தைத் தானே நிறுத்தி வைக்கும் வல்லமை ஒரு நிறுவனத்தின் கையில் இருப்பது கோளாறு அல்லவே. "ஸ்பெஷலிஸ்ட்" என்ற சொல்லுக்குள் "சியாலிஸ்" என்ற மருந்தின் பெயர் ஒளிந்திருப்பதால் மருத்துவ நிபுணர்களின் கடிதம் தடைபட்ட கூத்தும் உண்டு. அதற்குச் சிரித்துவிட்டுப் போகலாம்.

சட்டம் என்ன செய்கிறது? சிங்கப்பூரில் 2007இல் குப்பை அஞ்சல் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மொத்தமாக அனுப்பும் விளம்பரத்தின் தலைப்பில் விளம்பரம் என்று அடையாளமிட வேண்டும் என்றது. நம் நாட்டில் 2010இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, நேரடி விளம்பரத்துக்கு என் தகவலைப் பயன்படுத்தாதே என்று எழுதிக் கேட்கும் உரிமை கிடைத்தது. இரண்டுமே அனுப்புபவனைக் கட்டுப்படுத்துபவை. நடுவில் நிற்பவர் எதை எரித்தார் என்று கேட்கும் உரிமையைப் பற்றியவை அல்ல. இன்னொன்று: வாசலில் காவல் போடுவதைவிட ஊற்றுக்கண்ணை அடைப்பது எவ்வளவு பயன் தரும் என்பதற்கும் சான்று உண்டு. 2008 நவம்பர் 11ஆம் நாள் கலிபோர்னியாவின் மெக்கோலோ என்ற நிறுவனத்தின் இணைய இணைப்பை மேல்நிலை நிறுவனங்கள் துண்டித்தன. உலகக் குப்பை அஞ்சல் ஒரே நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. சில மாதங்களில் பழைய நிலைக்கே ஏறிவிட்டது என்பது வேறு.

இணையச் சேவை நிறுவனம் கொடுத்த முகவரியை வைத்திருப்பவர்கள் இப்போது நம்மில் அரிது. ஜிமெயில்தான் பெரும்பாலும். அதில் குப்பை என்று பிரித்ததைத் தனிப் பெட்டியில் 30 நாள் வைத்திருக்கிறார்கள். நாம் திறந்து பார்க்கலாம். மேசை அறையாவது இருக்கிறதே என்று நான் மகிழ்கிறேன். ஆனால் அந்தப் பெட்டிக்குக்கூட வராமல் வாசலிலேயே தடுக்கப்படுபவை பல. 2024 பிப்ரவரி முதல் கூகளும் யாஹுவும் விதிகளை இறுக்கின. அனுப்புபவர் தம் இணையப் பெயருக்கு உரிய அடையாளச் சான்றுகளைப் பதிந்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர், ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ளும் வசதியும் தர வேண்டும். குப்பை என்ற புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. இந்த விதிகளை நான் வரவேற்கிறேன். காரணம், இவை எழுதி வெளியிடப்பட்டவை. எதற்காகத் தடுக்கப்படுவோம் என்று முன்கூட்டியே தெரிகிறது. பேரவை சொந்த இணையப் பெயரில் அஞ்சல் அனுப்புமானால், அந்தச் சான்றுகளைப் பதிய ஒரு பிற்பகல் போதும். செயலவை மாறும்போதெல்லாம் கடவுச்சொல்லைத் தொலைப்பதுதான் நம் மரபு என்பதால், இந்த வேலையை யாராவது ஒருவர் பெயர் போட்டு ஏற்றுக்கொண்டால் நல்லது.

பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. வளாக மின்னஞ்சல்கள் பலவும் இன்று மைக்ரோசாப்ட் சேவையில் இயங்குகின்றன. அதில் ஐயத்துக்குரிய கடிதங்கள் தனிமைப்படுத்தப்படும். தனிமைப்படுத்தியதை மாணவருக்குத் தெரிவிக்கலாமா வேண்டாமா என்பதை நிர்வாகி ஒரு அமைப்பில் தேர்ந்தெடுக்கலாம். ஆபத்து மிகுந்தவற்றை நிர்வாகி மட்டுமே விடுவிக்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. மற்றவற்றின் பட்டியல், அனுப்பியவர் பெயரும் தலைப்பும் மட்டுமாவது, நாளுக்கொரு முறை மாணவருக்கு வர வேண்டும். கணினி மையத்துக்கு இதனால் புதிய செலவு இல்லை. மாணவர் பிரதிநிதிகள் அடுத்த சந்திப்பில் இதைக் கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள், தயவுசெய்து மின்னஞ்சலில் மட்டும் கேட்காதீர்கள்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பேரவையின் கடிதம் குப்பைப் பெட்டியில் கிடந்தால் எடுத்துப் படித்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். "குப்பை அல்ல" என்ற பொத்தானையும் அழுத்துங்கள். அடுத்த ஒன்றுகூடலின் அழைப்பு இம்முறையும் மின்னஞ்சலில்தான் வரும். ஈப்போ அக்காவுக்கு மட்டும் நான் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்.